ஆம்ப்புக்குத் தைத்த உறை

தேற்றாத்தீவில் யசோதினியின் தையல் மேசைக்கு வலப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடக்கும். மூன்று வருடமாக அது அவளுடைய தம்பி நிதுர்ஷனின் கதிரை. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஐஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்காருவான். காதில் ஹெட்போன். அடிச்சுரங்கள் மட்டும் வாசிக்கிற அந்தக் கிட்டாரில் தடித்த கம்பிகள் நான்கு. அவனுக்கு என்ன கேட்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. யசோதினிக்குக் கேட்டதெல்லாம் கம்பியில் விரல் படும் சத்தம்தான். டிக், டிக், டிக்டிக். ஊசிப் பெட்டிக்குள் ஊசிகள் உருளுவது மாதிரி.

வாய்ப்பேச்சு அவனிடம் குறைவு. அவன் ஒரு நாளைக்குப் பேசுகிற சொற்களை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடலாம் என்று தாய் இரத்தினம்மா சொல்லுவாள். இருபத்தாறு வயதில் ஒரு ஆம்பிளை இப்படி இருந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்பது அவளுடைய கவலை. யசோதினிக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. தன்னைவிட ஏழு வயது இளைய தம்பிக்குள் தனக்கு எட்டாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவள் ஒருநாள் கண்டுகொண்டாள். அன்றைக்கு நடந்தது இதுதான்.

அவள் ஒரு சாரிச் சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். நிதுர்ஷன் திடீரென்று ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கையை உயர்த்தினான்.

“அக்கா, மெஷினை ஒருக்கா நிப்பாட்டுங்க.”

ஊசி உடைந்துவிட்டதோ என்று பதறிக் காலை எடுத்தாள். “என்னடா?”

“ரோட்டுல ட்ரான்ஸ்போமர் கேக்குதா?”

காதைக் கொடுத்தாள். பிறந்த நாளிலிருந்து அவள் கடந்து போய்க்கொண்டிருக்கிற ட்ரான்ஸ்போமர். அது சத்தம் போடும் என்றே அவளுக்குத் தெரியாது. இப்போது கேட்டது. வாயை மூடிக்கொண்டு ஒருவர் ‘ம்’ கொட்டுவது போல ஒரே நீளமாக.

“அது ஜி எண்ட சுரம். ஐஸ் பக்டரியில பெரிய மோட்டரும் அதே ஜிதான். பெரிய பானையில சின்னப் பானையை வைச்ச மாதிரி ஒண்டு மேல, ஒண்டு கீழ. எந்த ஊருக்குப் போனாலும் கரண்ட் ஒரே சுரத்திலதான் பாடுது, அக்கா.”

அவளுடைய கையைப் பிடித்துக் கிட்டாரின் மரத்தில் வைத்தான். நாலிலும் தடித்த கம்பியை மூன்றாவது கட்டையில் அழுத்தித் தட்டினான். சத்தம் பெரிதாக வரவில்லை. ஆனால் மரத்துக்குள் ஏதோ நடுங்கி அவள் உள்ளங்கைக்குள் ஏறி மணிக்கட்டு வரைக்கும் போனது. வெளியே ட்ரான்ஸ்போமர் பாடிக்கொண்டிருந்த அதே சுரம். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று அந்தச் சட்டையின் கையை இரண்டு தரம் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது.

நிதுர்ஷன் வாசிப்பது ‘நீரலை’ என்ற சின்ன இசைக்குழுவில். பிறந்தநாள், பூப்புச் சடங்கான சாமத்திய வீடு, கலியாண வரவேற்பு என்று நூறு, நூற்றைம்பது பேர் கூடும் இடங்களுக்குத்தான் அவர்களைக் கூப்பிடுவார்கள். குழுவை நடத்துகிற ரதீஸ் ஆரையம்பதியில் கைபேசிக் கடை வைத்திருப்பவர்; மேடையில் கீபோர்ட் வாசிப்பார். கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஆம்ப் பெட்டி நிதுர்ஷனுக்கென்று இல்லை. ரதீஸின் கீபோர்ட் ஸ்பீக்கரிலேயே பேஸ் கிட்டாரின் வயரையும் செருகுவார்கள். ஒரு பெட்டிக்குள் இரண்டு பேர் நெரிபட்டதில் பேஸ் ‘புர் புர்’ என்று மணலில் புதைந்த லொறி மாதிரிக் கேட்கும். பிறகு ரதீஸ் சத்தத்தைக் குறைப்பார். பிறகு அதுவும் கேட்காது.

குழுவின் ஆறு சேட்டுகளையும் தைத்துக் கொடுத்தது யசோதினிதான். அவற்றை எடுக்க வந்த அன்று ரதீஸ் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

“தங்கச்சி, ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே?”

“சட்டையில பிழையெண்டா சொல்லுங்க அண்ணன்.”

“சட்டையில ஆரு பிழை பிடிக்கிற? இது தம்பிட கதை. தங்கமான பொடியன். ஆனா கலியாண வீட்டுல பேஸ் ஆருக்குக் கேக்குது, சொல்லுங்க பாப்பம்? பாட்டுக் கேக்கும், ட்ரம்ஸ் கேக்கும், பந்தியில அப்பளம் உடையிறதும் கேக்கும். பேஸ் மட்டும் கேக்காது. என்ட இடது கை கீபோர்ட்ல சும்மாதானே கிடக்கு? பேஸை நான் அதுல போட்டுருவன். வாற மாதம் செட்டிபாளையத்துல ஒரு கலியாணம் இருக்கு. அது வரைக்கும் பாப்பம். அதுலயும் இப்படித்தான் எண்டா, மறுகா தம்பியை என்னத்துக்கு வீணா அலைய விடுவான்?”

யசோதினி சேட்டுகளை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். பின்னேரம் நிதுர்ஷன் வந்ததும் சொன்னாள்.

“தெரியும்,” என்றான் அவன். ஹெட்போனை எடுத்து மாட்டினான். டிக், டிக் என்றது. அந்த ஒற்றைச் சொல்தான் அவளைக் குத்தியது. எத்தனை நாளாக அவனுக்குத் தெரியும்?

யசோதினி ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவள் எழுத்தில் பிழை வரும், அளவில் வராது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவளுடைய கொப்பியில் ஒரு பக்கம் உண்டு. மேலே பெயர், கீழே மார்பு, இடுப்பு, தோள், கை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டி, மேலே ‘தம்பியின் ஆம்ப்’ என்று எழுதிக் கோடு போட்டாள்.

“எங்க வைச்சு வாசிக்கிற?”

“மண்டபம். சில நேரம் வீட்டு முத்தம்.”

“எதோட மல்லுக்கட்டோணும்?”

“ட்ரம்ஸ்.”

“எதுல கொண்டு போற?”

“தனோஜன்ட ஓட்டோவில.”

“ஆரு தூக்குற?”

“நான்தான்.”

“ஐஸ் கட்டி தூக்குறவனுக்கு என்ன பாரம்?”

“மற்றக் கையில கிட்டார் இருக்குமே அக்கா.”

இப்படி ஒரு விசயம் இருப்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒற்றைக் கை என்று எழுதி அடியில் கோடிட்டாள். பிறகு ஒரு பையில் அரிசியைக் கொட்டி, தராசில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அவனை வாசல் படலையிலிருந்து கிணற்றடி வரைக்கும் நடக்க வைத்தாள். இடது கையில் கிட்டார், வலது கையில் அரிசி. பதினெட்டு கிலோ வரைக்கும் தோள் சரியாமல் நடந்தான். இருபதில் சரிந்தது. பதினெட்டு என்று எழுதினாள்.

அடுத்த நாள் தனோஜனின் ஓட்டோவைத் தேடிப் போனாள். குழுவில் ட்ரம்ஸ் அடிப்பவன் அவன். பகலில் ஓட்டோ ஓட்டுவான். ட்ரம்ஸ் எல்லாவற்றையும் ஏற்றச் சொல்லி, மிச்சமாகக் கிடந்த இடைவெளிக்குள் அளவு நாடாவைப் பிடித்தாள்.

“என்னக்கா, ஓட்டோவுக்குப் பிளவுஸ் தைக்கப் போறீங்களா?”

“வாயை மூடிட்டு அந்தப் பெரிய ட்ரம்மை இஞ்சால தள்ளுங்க. உயரம் இருபது. அகலம் பதினெட்டு. ஆழம் பதினைஞ்சு. பிரேக் போட்டா இது முன்னுக்கு வருமா?”

“வரும்.”

“அப்ப பதினாலரை.”

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் காத்தான்குடிக்குப் போனார்கள். வாவிப் பக்கம் இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில் சரீப் என்பவரின் கடை. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவார். பாவித்த வாத்தியங்களும் விற்பார். பெரிய வயிறும் சின்னக் கண்ணாடியுமாக இருந்த அவர் யசோதினியின் கையில் கொப்பியையும் நாடாவையும் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

“என்ன தங்கச்சி, அரசாங்கக் கச்சேரியில இருந்து வாறீங்களா? என்ட கடைக்கு லைசன் எல்லாம் இருக்கு.”

“இல்ல நானா,” என்றாள், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில். “தம்பிக்கு ஒரு பேஸ் ஆம்ப் பாக்க வந்த.”

அவர் மூன்று பெட்டிகளைக் காட்டினார். முதலாவது கைக்கடக்கமான சின்னப் பெட்டி, பதினைந்து வோட்ஸ். நிதுர்ஷன் கிட்டாரைச் செருகி ஒரு தட்டுத் தட்டியதும் கடையின் கண்ணாடி அலுமாரிகள் கிணுகிணுத்தன. யசோதினிக்கு வாய் பிளந்தது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு குரலா?

“நானா, இதுவே போதும் போல.”

“தாராளமா எடுங்க. ஆனா கலியாணத்த என்ட கடைக்குள்ளதான் வைக்கோணும்.”

“ஏன்?”

“கடைக்குள்ள நாலு பக்கமும் சுவர் தங்கச்சி. சத்தத்த அதுதான் தூக்கிக் குடுக்குது. வெளிய ஆரு தூக்கித் தருவான்?”

இரண்டாவது பெட்டி அவளுடைய நெஞ்சளவு உயரம். நான்கு ஸ்பீக்கர். அதைத் தூக்க நாலு பேரும் வைக்க ஒரு வீடும் வேண்டும் என்றார் சரீப். இருந்தாலும் அவள் அதையும் அளந்து எழுதிக்கொண்டாள். மூன்றாவது ஒரு மூலையில் கிடந்தது. கறுப்பு நிறம், ஒரு கரையில் மட்டும் சின்ன அடிபட்ட தழும்பு. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, இருநூறு வோட்ஸ். உயரம் பதினெட்டரை, அகலம் பதினேழு, ஆழம் பதினாலு. நிதுர்ஷன் ஒற்றைக் கையால் தூக்கினான். தோள் சரியவில்லை.

“பதினாறு கிலோ,” என்றார் சரீப். “இதுக்கெண்டே அளவெடுத்த மாதிரி இருக்கு.”

“அளவு சரி நானா. ஆனா நான் ஒரு சட்டையையும் போட்டுப் பாக்காமக் குடுக்குறல்ல. இதையும் போட்டுப் பாக்கோணும்.”

“இதை எப்படிப் போட்டுப் பாக்கிற?”

அவள் விளக்கினாள். பெட்டியைக் கடை வாசலில் தெருவைப் பார்த்து வைக்க வேண்டும். தம்பி வாசிக்க வேண்டும். ட்ரம்ஸுக்குப் பதிலாக யாராவது எதையாவது போட்டு அடிக்க வேண்டும். அவள் வாவியைப் பார்த்து நடந்து போவாள். எத்தனை காலடியில் சத்தம் மறைகிறது என்று எண்ணுவாள். சரீப் சுற்றிலும் பார்த்தார். கடையில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. சாரத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டிக்கொண்டு, தண்ணீர் பிடிக்கும் நீலப் பீப்பாவைக் கவிழ்த்து முன்னால் வைத்தார்.

“இருவத்திரெண்டு வருசமாக் கடை நடத்துறன். பீப்பா அடிக்க வைச்ச முதல் ஆள் நீங்கதான்.”

முதலில் சின்னப் பெட்டி. யசோதினி எண்ணிக்கொண்டே நடந்தாள். பத்தொன்பதாம் காலடியில் பேஸ் செத்துப்போனது. சரீப்பின் பீப்பா மட்டும் டமடம என்றது. திரும்பி வந்து எழுதினாள்.

பிறகு கறுப்புப் பெட்டி. ஒன்று, இரண்டு, மூன்று என்று போனாள். பத்து. இருபது. பீப்பாவின் சத்தம் பின்னால் மெலிந்துகொண்டு வந்தது. பேஸ் மெலியவில்லை. அது காதுக்கு வரவில்லை. காலடியில் வந்தது, விலா எலும்புக்குள் வந்தது. மதில் ஓரம் நின்ற சைக்கிளின் மட்காட் அதற்குப் பதில் சொல்லுவது போல அதிர்ந்தது. முப்பதில் அவளுக்கு ஒன்று விளங்கியது. இது அவளுக்குத் தெரிந்த வாசிப்பு. டிக், டிக், டிக்டிக். மூன்று வருடமாகத் தன் வலப்பக்கக் கதிரையில் கேட்ட அதே விரல். அந்த டிக் டிக் எல்லாம் எலும்பு என்றால், இன்றைக்கு அதற்குத் தசை வைத்து, உயிர் வைத்து, எழுப்பி நடக்க விட்டிருந்தான். அது நடந்தது. ஏறியது, ஒரு இடத்தில் நின்று யோசித்தது, இறங்கியது. இவ்வளவு பேச்சையும் இவன் எங்கே வைத்திருந்தான்? தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொடியன் என்றல்லவா வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம்?

தெரு முடிந்து வாவி வந்திருந்தது. கவிழ்த்துக் கிடந்த ஒரு தோணியில் கையை ஊன்றி நின்றாள். எண்ணிக்கை எத்தனையில் விட்டுப்போனது என்று அவளுக்கு நினைவில்லை. அளவில் தவறாதவள் அளவை மறந்து நின்றது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது மறுபடி எண்ணினாள். அறுபத்து நான்கு.

“மறைஞ்சது எத்தினையில தங்கச்சி?” சரீப் வியர்த்துக் குளித்திருந்தார்.

“மறையல்ல நானா. தெருதான் முடிஞ்சு போச்சு.”

நிதுர்ஷன் ஐஸ் தொழிற்சாலையில் மேலதிக வேலை செய்து சேர்த்திருந்தது போதுமாக இருந்தது. சரீப் பெட்டியைத் துடைத்துக் கட்டும்போது நான்கு புத்திமதிகள் சொன்னார். யசோதினி நான்கையும் கொப்பியில் எழுதினாள். ஒன்று, சத்தத்தைச் சின்னதில் தொடங்கிக் கூட்ட வேண்டும். இரண்டு, எர்த் இல்லாத பிளக்கில் செருகக் கூடாது. மூன்று, பின்பக்கம் காற்றாடி இருக்கிறது, சுவரோடு முட்டி வைக்காமல் ஒன்றரை அடி விட வேண்டும். நான்கு, சிவப்பு லைட் பற்றினால் சூடேறிவிட்டது என்று அர்த்தம், ஆற விட வேண்டும்.

இப்படி ஒரு பொருள் வீட்டுக்கு வந்தபிறகு அதை வெறும் உடம்போடு விட யசோதினிக்கு மனம் வரவில்லை. அந்தக் கரையில் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. உப்புக் காற்றில் அவளுடைய ஊசிகளே மாதத்துக்கு ஒருதரம் துருப்பிடிக்கும். மண்ணோ சாப்பாட்டுக் கோப்பைக்குள்ளும் வரும். ஒரு கிழமை இருந்து பெட்டிக்கு உறை தைத்தாள். வெளியில் கறுப்பு ரெக்சின், நடுவில் பஞ்சுத் தகடு, உள்ளே மெல்லிய துணி. கைப்பிடிக்கு ஒரு வாய், மேலே திருகிகளுக்கு ஒரு மூடி, முன்னால் ஸ்பீக்கருக்கு முழுத் திறப்பு. கால் அங்குலம்கூட எங்கும் தொங்காமல் மணப்பெண்ணின் சட்டை போல உட்கார்ந்தது. பின்பக்கத்தில் காற்றாடிக்கு முன்னால் கம்பி வலை இருந்ததைக் கவனித்தாள். மண் போவதென்றால் இதற்குள்ளால்தான் போகும். அந்த இடத்துக்கு மட்டும் ரெக்சினை இரட்டையாக வைத்து, ஓரத்தில் பைப்பிங் பட்டி கொடுத்து, இறுக்கித் தைத்தாள்.

நிதுர்ஷன் சுற்றி வந்து பார்த்தான். பின்பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான்.

“அக்கா, இதுல பின்னால...”

“மண் போகும்டா. நான் பாத்துத்தான் வைச்ச.”

அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். ஒரு கிழமை உழைப்பு அந்த முகத்தில் இருந்தது. “வடிவா இருக்கு,” என்றான்.

செட்டிபாளையத்துக் கலியாணம் சனிக்கிழமை. பின்னேரம் நான்கு மணிக்கு வரவேற்பு. வாவி ஓரமாக ஒரு மண்டபம். மூன்று பக்கமும் திறந்தது, மேலே தகரம். மணப்பெண் நிருஷாவின் சட்டை யசோதினி தைத்தது என்பதால், எங்காவது தையல் விட்டால் பிடிக்க அவளையும் அழைத்திருந்தார்கள். கைப்பையில் ஊசி, நூல், கத்தரிக்கோல், சோக்கட்டி எல்லாம் இருந்தன. மணப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் மேடைக்குப் போய், ஆம்ப்புக்கும் சுவருக்கும் இடையில் நாடா பிடித்தாள். சரியாக ஒன்றரை அடி.

“தங்கச்சி, பெட்டிக்கும் பொட்டு வைச்சு விடுங்களன்,” என்றார் ரதீஸ். பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிதுர்ஷனிடம் திரும்பினார். “பாப்பம். கேக்காட்டி நான் இடது கையால எடுத்துருவன். கோவிக்கப்படாது.”

நிதுர்ஷன் தலையாட்டினான்.

முதற்பாட்டின்போது யசோதினி கடைசி வரிசையில் இருந்தாள். பிளாஸ்டிக் கதிரையின் காலுக்குள்ளால் பேஸ் ஏறி வந்தது. கையில் இருந்த நெஸ்கபேயின் மேலே வட்டம் வட்டமாகச் சின்ன அலை எழும்பியது. கூரைத் தகரம் எங்கோ ஒரு ஆணியில் மெதுவாக முனகியது. இரண்டாம் பாட்டுக்கு மாப்பிள்ளையின் கூட்டாளிகள் எழும்பினார்கள். நான்காம் பாட்டில் மாமன்மார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ரதீஸ் ஒருமுறை திரும்பி நிதுர்ஷனைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். அது ஒன்றே யசோதினிக்குப் போதும் போல இருந்தது.

ஏழாம் பாட்டின் நடுவில் பேஸ் நின்றது.

பாடகன் பாடிக்கொண்டுதான் இருந்தான். ட்ரம்ஸ், கீபோர்ட் எல்லாம் அப்படியே. மின்விளக்குகள் எரிந்தன. ஆனால் கதிரையின் கால் செத்துப்போனது. நெஸ்கபே அசையாமல் நின்றது. நிதுர்ஷன் திருகியைத் திருப்பினான், வயரைப் பிடுங்கிச் செருகினான். ரதீஸ் உதட்டைப் பிதுக்கிவிட்டு, சும்மா கிடந்த இடது கையைக் கீழ்க்கட்டைகளுக்கு இறக்கினார்.

அவர் நன்றாகத்தான் வாசித்தார். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது மெல்லிய முனகலாகத்தான் வந்தது. இடது கையைக் கவனிக்கப் போனதில் வலது கை சறுக்கியது. ஆடிக்கொண்டிருந்த மாமன்மாரின் கால்கள் ஒருவருடையது முந்தி, ஒருவருடையது பிந்தி, நடுவில் ஒருவர் சும்மா நின்றுவிட்டார். எதற்காக நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. தரையைக் குனிந்து பார்த்தார். யசோதினிக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்:

“என்னகா, கரண்ட் போயிட்டா?”

“எங்க போன? லைட் எரியுதே.”

“அதுதானே. ஆனா என்னமோ போயிட்டு.”

யசோதினி சிலிர்த்துப்போனாள். பேஸ் ஆருக்குக் கேக்குது என்று கேட்டாரே ரதீஸ். ஒருவருக்கும் கேட்டிருக்காது. ஆனால் எல்லோரும் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அவளுடைய தம்பி நூற்றைம்பது பேரையும் நான்கு கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், ஒருவருக்கும் தெரியவில்லை.

நிதுர்ஷன் பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்து உதறினான். முன்பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு லைட். யசோதினிக்குக் கொப்பியின் பக்கம் கண்ணுக்கு முன் வந்தது. நான்கு, சிவப்பு என்றால் சூடு. அதற்கு மேலே மூன்று. காற்றாடி. ஒன்றரை அடி.

சுவருக்கு ஒன்றரை அடி விட்டிருந்தாள். ரெக்சினுக்கு ஒரு நூலிடைகூட விடவில்லை. அதுவும் இரட்டையாக, பைப்பிங் வைத்து.

எப்படி மேடைக்குப் போனாள் என்பது அவளுக்கு நினைவில்லை. கழற்ற நேரமில்லை, கழற்றவும் முடியாது, அவ்வளவு இறுக்கமாக அவள் தைத்திருந்தாள். கைப்பைக்குள் கையை விட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். பதினான்கு வருடத்தில் சோக்கு அடையாளம் போடாமல் அவள் ஒரு துணியையும் வெட்டியதில்லை. ரெக்சினுக்குள் முனையைக் குத்தி இறக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு வெட்டியவள் மாதிரி, கோணல்மாணலாக, ஒரு சோற்றுக் கோப்பை அளவுக்கு அறுத்து எடுத்தாள். அடுப்பு வாயைத் திறந்தது போலச் சூடு முகத்தில் அடித்தது.

“அக்கா,” என்றான் நிதுர்ஷன்.

“நீ ஏன்டா அண்டைக்குச் சொல்லல்ல?”

“சொல்ல வந்த. நீங்க விடல்ல.”

“இனி நான் விடாட்டியும் சொல்லு!” மேடை ஓரம் கிடந்த சாரிப் பெட்டி ஒன்றின் மட்டையை எடுத்து விசிறத் தொடங்கினாள். கலியாணத்துக்குக் கட்டிய சாரியோடு மேடையில் குந்தியிருந்து ஒரு பெட்டிக்கு விசிறுகிறவளைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். தனோஜன் ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து, “தண்ணி வேணுமா கேளுங்கக்கா,” என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பாட்டுகள் போயின. ஆடியவர்கள் ஒவ்வொருவராகக் கதிரைக்குத் திரும்பினார்கள். ரதீஸின் நெற்றியில் வியர்வை ஓடியது.

மூன்றாம் பாட்டுத் தொடங்கி ஒரு அடி முடிவதற்குள் சிவப்பு அணைந்தது.

நிதுர்ஷன் அவசரப்படவில்லை. பாட்டு எங்கே போகிறது என்று ஒரு கணம் கேட்டான். தடித்த கம்பியில் ஒரே ஒரு சுரத்தைத் தட்டி நிற்க விட்டான். யசோதினியின் கை பெட்டியின் மேல் இருந்தது. அதிர்வு தோள் வரைக்கும் ஏறியது. கூரைத் தகரம் மறுபடி முனகியது. மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில், யாரோ ஆணையிட்டது போல, தலைகள் மேடைப் பக்கம் திரும்பின. வேட்டியை அவிழ்த்து விட்டிருந்த மாமன் மறுபடி மடித்துக் கட்டினார்.

ரதீஸ் கீழ்க்கட்டைகளிலிருந்து இடது கையை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்துவிட்டு, காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கடைசிப் பாட்டு வரைக்கும் வெளியே எடுக்கவில்லை.

சாமான்கள் ஏற்றும்போது அவர் யசோதினியிடம் வந்தார்.

“தங்கச்சி, என்ட இடது கைக்கு ஒரு உறை தைச்சுத் தாங்க.”

“என்னத்துக்கு அண்ணன்?”

“இனி அதுக்கு வேலை இல்லையே. தூசு படாம வைப்பம்.” பிறகு நிதுர்ஷனின் தோளில் தட்டினார். “வாற ஞாயிறு களுதாவளையில ஒரு பிறந்தநாள். மூணு மணிக்கு ஆம்ப்பை ஏத்திரோணும். கேட்டதா?”

“ஓம்,” என்றான் நிதுர்ஷன்.

அடுத்த நாள் காலை யசோதினி உறையை மேசையில் விரித்தாள். கோணல் வெட்டை நேராக்க நாடாவை எடுத்தவள், கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு நாடாவைத் திருப்பிச் சுருட்டி வைத்தாள். கோணலின்படியே ஓரம் மடித்து, நுளம்பு வலைத் துணியை உள்ளே வைத்துத் தைத்தாள். நிதுர்ஷன் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்து ஹெட்போனை எடுத்தான்.

“அதை வை,” என்றாள் அவள். “ஆம்ப்புல போடு. அந்த ஜியை ஒருக்கா அடி.”

வயரைச் செருகி, சத்தத்தைச் சின்னதில் தொடங்கிக் கூட்டி, மூன்றாம் கட்டையை அழுத்தித் தட்டினான். மேசையில் திறந்து கிடந்த ஊசிப் பெட்டிக்குள் ஊசிகள் எல்லாம் ஒன்றாக நடுங்கி, மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தன. யசோதினி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குசினிக்குள் இருந்து இரத்தினம்மா கத்தினாள். “என்னகா யசோ, அலுமாரிக்குள்ள கோப்பை எல்லாம் கிடந்து நடுங்குது! லொறி ஏதும் வருதா?”

“லொறி இல்லம்மா,” என்றாள் யசோதினி, ஊசிகளிலிருந்து கண்ணை எடுக்காமல். “தம்பி.”